பூட்டன் வெளிச்சவீட்டை விட்டு இறங்கிய நாள்

பலேர்மோ, 1999

அன்ரன்,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பன் மகனுக்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ சிரிப்பாய். சிரி. நீ மேலே கண்ணாடிக்கு முன்னால் நின்று கலியாணக் கோட்டின் கையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் கீழே, இந்தக் கட்டடத்தின் வாசல் அறையில் இருந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் 'புவோன்ஜோர்னோ' சொல்லிச் சொல்லி இதை எழுதுகிறேன். நேரில் கதைக்கத் தொடங்கினால் நான் ஒன்றில் பகிடி விடுவேன், அல்லது சத்தம் போடுவேன். இரண்டுக்கும் நடுவில் எனக்கு வேறு குரல் கிடையாது என்று உன் அம்மாவே சொல்லியிருக்கிறா. சனிக்கிழமை உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கலியாணம். அதற்கு முன்னால் உன் அம்மா இறந்த நாளைப் பற்றி உனக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒன்பது வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்தது. ஆனால் அதற்குப் போகும் வழி என் பூட்டனுக்குள்ளால் போகிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசி.

முதலில் சின்னப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். போன மாசி மாதம் ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு தடித்த கடித உறை வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஸ்ஃபெர்ராகவால்லோவில் நீ வேலை செய்யும் மீன் கடைக்குச் சாப்பிட வந்த அந்த ஓய்வுபெற்ற டீச்சர் அனுப்பியது. நீ தட்டை வைக்கும்போதே, "என்ரை பரம்பரையிலையும் ஒரு ஸ்கொட்லாந்துக்காரன் இருக்கிறான், வெளிச்சவீட்டிலை வேலை செய்தவன்" என்று உன் இத்தாலியனில் அளந்திருக்கிறாய். அந்த மனுசியும் இத்தாலியன் படித்தவ, பழைய காகிதம் கிண்டுவதில் பைத்தியம் பிடித்தவ. எப்படிச் செத்தார் என்று தேடித் தருகிறேன் என்று எங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டு போனா. நீ மூன்று மாதம் தபாற்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாய். உறை வந்த அன்று நீ வேலையில். உனக்கு இங்கிலிஷ் ஓடாது என்பதால் எப்படியும் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். நீ வந்து கேட்டபோது, "ஒண்டும் கிடைக்கேல்லையாம் ராசா, பழைய கொப்பியெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சாம்" என்றேன். உன் முகம் விழுந்தது. கிடைத்திருந்தது அன்ரன். பதினொரு பக்கம் கிடைத்திருந்தது.

பூட்டனின் கதை உனக்குத் தெரியும், நானே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ என்ற மனிதன். எங்கள் ஆட்களின் வாயில் அந்திரேஸ் துரை. மன்னார்க் கடலுக்குள் ஒரு பாரில், பாறைத்திட்டில், நின்ற வெளிச்சவீட்டுக்குக் காவல். கத்தோலிக்க வேதத்துக்கு வந்து, கரையில் எங்கள் பெண் ஒருத்தியைக் கோயிலில் கைபிடித்தவர். ஒரு மார்கழிப் புயலில், கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைக்க வெளிக்கம்பியில் ஏறி நின்று, காற்று அடித்து விழுந்து செத்தார். விளக்கு மட்டும் அணையவில்லை. எங்கள் வீட்டில் வருடா வருடம் அவருக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடித்தால் அம்மா அடிக்கமாட்டா. "உயிர் போனாலும் இடத்தை விட்டு அசையாத மனிசன்ரை வழியிலை வந்தனீ" என்பா. அடித்திருந்தால் அந்த நேரத்தோடு போயிருக்கும். அந்தச் சொல் உடம்புக்குள் போய்க் குந்திவிட்டது. அதையே உனக்கும் ஊட்டினேன். பள்ளிக்கூடத்தில் உன்னைக் கறுப்பன் என்று கூப்பிட்ட பையன்களிடம் நீ இந்தப் பூட்டனைத்தான் தூக்கிக் காட்டினாய்.

டீச்சர் அனுப்பியதில் இருந்தது விசாரணைப் பத்திரத்தின் பிரதி. அன்றைக்குப் புயல் எதுவும் இல்லை, வெறும் வாடைக்காற்று. பூட்டனுக்கு உதவியாக இருந்தவன் எங்கள் ஊர்ப் பெடியன், காய்ச்சலில் கிடந்தான். பொழுதுபடும் நேரம் கரையிலிருந்து தோணி வந்தது. பெண்சாதிக்கு வலி கண்டுவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தாய் தப்புவது கஷ்டம் என்று செய்தி. பூட்டன் விளக்கைக் கொளுத்தி, எண்ணெய் நிரப்பி, காய்ச்சல்காரனை எழுப்பிப் பக்கத்தில் இருத்திவிட்டு அந்தத் தோணியில் ஏறிப் போனார். காய்ச்சல்காரன் நித்திரையாகிவிட்டான். விளக்கு அணைந்தது. அக்கரையிலிருந்து சனம் ஏற்றிவந்த ஒரு தோணி பாரில் அடிபட்டு உடைந்தது. ஏழு பேர் செத்தார்கள். அதில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். விடியத் திரும்பி வந்த பூட்டன் தானே தண்ணீரில் இறங்கி அவர்களைத் தூக்கியிருக்கிறார். பிறகு மேலே ஏறி விளக்கைச் சுத்தம் செய்து, பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தின் பிரதியும் வந்திருக்கிறது. 'விளக்கு ஒரு மணி முதல் ஐந்து மணி வரை எரியவில்லை. நான் இங்கே இருக்கவில்லை. உதவியாள் சுகமில்லாமல் கிடப்பது தெரிந்தும் போனேன். பிழை என்னுடையது.' மத்தியானம் அவரைக் கோபுரத்தின் அடியில் கண்டெடுத்தார்கள். கண்ணாடி துடைக்கும்போது விழுந்தார், பார்த்தவர் எவருமில்லை என்று விசாரணை செய்தவர் எழுதி முடித்திருக்கிறார். பூட்டனின் பெண்சாதியும் தப்பிவிட்டா, பிள்ளையும் தப்பிவிட்டது. அந்தப் பிள்ளைதான் என் அம்மாவின் தகப்பன்.

இதை வாசித்துவிட்டு நான் ஏன் ஒளித்தேன் என்று கேட்பாய். பூட்டனின் மானம் போய்விடும் என்றா? அந்த மனிதனின் மானத்துக்கு என்ன குறை, எழுதியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் ஒளித்தது வேறு ஒன்றுக்காக. அவர் இறங்கிப் போயிருக்கிறார். இறங்கவே இல்லை என்ற கதையை நம்பி ஒரு நாள் நான் இறங்காமல் இருந்தேன். அது எந்த நாள் என்று உனக்குத் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு, ஆகஸ்ட் பதினைந்து. மடுமாதா திருநாள். இத்தாலியருக்கு ஊரே பூட்டிக் கிடக்கும் விடுமுறை. நாங்கள் அப்போது பலேர்மோவின் கால்சாப் பகுதியில், சுவர் வெடித்த அந்த இரண்டு அறை வீட்டில். நான் வேலை செய்த வீடும் கால்சாவில்தான். ஏழு நிமிட நடை. வீட்டு முதலாளியம்மா சிஞ்ஞோராவின் தகப்பன், பாரிசவாதத்தில் கிடந்த கிழவர், என் பொறுப்பு. வாயில் தண்ணீர் விட்டாலே புரைக்கேறும், தனியே விட முடியாது. சிஞ்ஞோரா குடும்பத்தோடு சியாகுல்லியில் உள்ள தோட்டத்து வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போயிருந்தா, மூன்று மணிக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டு. கட்டடத்தில் வேறு குஞ்சு குருமான் இல்லை. ஒரு மணிக்குப் பிறகு நீ சந்தித் தொலைபேசிப் பூத்திலிருந்து எடுத்தாய்.

"அப்பா, அம்மாவுக்குத் தலையிடி. கதைக்கிறது விளங்குதில்லை. சூபித்தோ, உடனை வாங்கோ."

"வெயிலடா. காலமை பூசைக்கு நடந்து போனவவெல்லே. தண்ணி குடுத்துப் படுக்க விடு. மூண்டு மணிக்கு இவை வந்திடுவினம், உடனை வாறன்."

அரை மணி கழித்துத் திரும்ப எடுத்தாய். உனக்கு மூச்சு வாங்கியது, ஓடி வந்திருக்கிறாய்.

"அம்மா கண் திறக்கிறா இல்லை. அப்பா, இப்ப வாங்கோ."

"பக்கத்து வீட்டு மனிசியைக் கூப்பிடு. அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லு. நான் வாறன் ராசா, வாறன்."

வாறன் என்று சொன்னேன். வரவில்லை. சிஞ்ஞோரா மூன்றரைக்கு வந்தா. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது நான்கு மணி. டாக்டர்மார் கேட்டதையெல்லாம் பதினாறு வயதில் நீதான் மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தாய். அம்மாவின் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடைகூடத்தில் இருந்தாய். அம்மா போய்விட்டா என்று நீ சொல்லவில்லை. "ஏன் வரேல்லை?" என்றுதான் கேட்டாய். நான் சொன்னேன், "சிஞ்ஞோரா விடேல்லையடா."

பலேர்மோவில் இந்த ஒரு வசனம் தெரியாத நம்மவன் உண்டா? சங்கக் கூட்டத்துக்குப் போக விருப்பமில்லையா, சிஞ்ஞோரா விடவில்லை. யாரோ வீட்டுப் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கப் பஞ்சியா, சிஞ்ஞோரா விடவில்லை. செபமாலைக்கு வராதவன், ஊருக்குக் கடிதம் போடாதவன், எல்லாருக்கும் அவதான் கவசம். சொல்லுகிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும், ஒருவரும் தோண்டமாட்டோம். நாக்கின் நுனியில் எப்போதும் தயாராகக் கிடக்கும் அந்தச் சொல்லைத்தான் நான் எடுத்து உன் கையில் தந்தேன். நீ குழந்தைப்பிள்ளை, அதை உண்மை என்று பிடித்துக்கொண்டாய். பிறகு செத்தவீட்டில், பங்கு மண்டபம் முழுக்க இருந்த சனத்துக்கு முன்னால் சாமியார் கேட்டபோதும் அதையே சொன்னேன். ஒரு பொய்யை இரண்டாம் தரம் சொல்வது மிகவும் லேசு, அன்ரன். அதை உனக்கு அனுபவத்தில் சொல்லுகிறேன்.

சிஞ்ஞோராவை நான் கேட்கவே இல்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. சியாகுல்லித் தோட்டத்தின் தொலைபேசி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, தொலைபேசிக்கு மேலேயே சுவரில் ஒட்டிவிட்டுத்தான் அவ போனவ. நீ முதல் தரம் எடுத்தபோதும் அது என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. இரண்டாம் தரம் எடுத்தபோதும் இருந்தது. நான் அந்த இலக்கத்தைச் சுழற்றவில்லை. அந்த மாதம் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் எங்கள் மூன்று பேரின் பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதிக் காகிதமும் கிடந்தது. சிஞ்ஞோராவின் வேலைக் கடிதத்தில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. திருநாள் சாப்பாட்டு மேசையிலிருந்து அவவை எழுப்பினால் முகம் சுளிப்பா, சுளித்தால் கடிதம் போகும், கடிதம் போனால் நாங்கள் மூன்று பேரும் போவோம் என்று ஒரு கணக்கு. அது ஒரு பக்கம். மறுபக்கம் இன்னும் வெட்கக்கேடு. கிழவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு, பூட்டனின் வழியில் வந்தவன், இடத்தை விட்டு அசையாதவன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. உன் அம்மா ஏழு நிமிட நடையில் பேச்சிழந்து கிடக்க எனக்குப் பெருமை. இதை எழுதும்போது என் முகத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். சிஞ்ஞோரா செத்தவீட்டுக்கு வந்து கை நீட்டினா, நீ முகத்தைத் திருப்பினாய். ஒவ்வொரு வருடமும் சியாகுல்லி மந்தரினோத் தோடை பழுத்ததும் ஒரு பெட்டி அனுப்புவா. நீ அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தெருக் குப்பைத்தொட்டியில் கவிழ்ப்பாய். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை கூட "நிற்பாட்டடா" என்று சொல்லவில்லை. கிழவர் சாகும்வரை நான் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனபோது, "அம்மாவைக் கொண்ட வீட்டிலை இன்னும் கோப்பி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு எங்கள் ஆட்களில் ஒருத்தரும் அவவிடம் வேலைக்குப் போகவில்லை. சாவுக்குக் கூட விடாதவள் என்று பெயர் வைத்துவிட்டோம். எனக்கு இந்த வாசல் காவல் வேலையைப் பிடித்துத் தந்ததும் அதே மனுசிதான். உன் கலியாணக் கார்ட்டை அவவுக்குக் கொடுப்போமா என்று நான் மெல்லக் கேட்டபோது நீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நீ ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு புது வீட்டுக்குப் போகும்போது, பெட்டியில் உடுப்போடு சேர்த்து என் பொய்யையும் கட்டிக்கொண்டு போகப்போகிறாய்.

போன கிழமை சிஞ்ஞோராவிடம் போனேன். இப்போது அவவுக்கும் முழங்கால் நோ, கதவு திறக்கவே நேரம் எடுத்தது. இருக்கச் சொன்னா. நான் இருக்கவில்லை. "அன்றைக்கு, என் மனைவி இறந்த அன்று, நான் தோட்டத்துக்கு எடுத்திருந்தால் என்னைப் போக விட்டிருப்பீர்களா?" என்று கேட்டேன். அவவுக்கு முதலில் விளங்கவில்லை. "எதற்கு எடுத்திருந்தால்?" என்றா. சொன்னேன். நீ இரண்டு தரம் எடுத்ததை, நான் அவவின் பெயரைச் சொன்னதை, மந்தரினோப் பெட்டிகளை, எல்லாம் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா. மனைவி திடீரென்று போய்விட்டா என்று மட்டும்தானே நான் அவவுக்குச் சொல்லியிருந்தேன், உன் பையன் ஏன் என்னைப் பார்ப்பதில்லை என்று ஒன்பது வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாவாம்.

"இருபது நிமிடத்தில் வந்திருப்பேன்," என்றா. "என் தம்பி கார் ஓட்டியிருப்பான். உன் மனைவியையும் அதே காரில் ஏற்றியிருப்போம். இலக்கம் எழுதி வைத்திருந்தேனே?"

"இருந்தது, சிஞ்ஞோரா."

"பின்னே ஏன்?"

அடுத்து, மகனுக்குச் சொன்னாயா என்று கேட்டா. இல்லை என்றேன். அப்போதுதான் கோபம் வந்தது அவவுக்கு. "அப்படியானால் என்னிடம் ஏன் வந்து நிற்கிறாய்? முதலில் அவனிடம் போ," என்று கதவைக் காட்டினா.

அவ இருபது நிமிடத்தில் வந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாவா? தெரியாது. ஒரு டாக்டரிடம் கேட்கலாம், கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் கண் மூடமுன் என்னைப் பார்த்திருப்பா. நீ அந்த நடைகூடத்தில் தனியே இருந்திருக்கமாட்டாய். இந்த இரண்டும் நிச்சயம், இந்த இரண்டையும் நான்தான் உங்களிடமிருந்து எடுத்தேன்.

பூட்டனைப் பற்றியும் நான் யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன். அவர் வழுக்கி விழுந்தாரா, தானாகவே கையை விட்டாரா என்பது தனக்கும் பிடிபடவில்லை என்று டீச்சர் எழுதியிருக்கிறா. அவர் போனது சரியா? அவர் போகாவிட்டால் அந்த ஏழு பேரும் கரைசேர்ந்திருப்பார்கள். போனதால் என்ன ஆனது என்றால், அவர் பெண்சாதி அவர் முகத்தைப் பார்த்துப் பிள்ளை பெற்றா. எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் குடும்பம் அவருக்குச் செய்தது பிழை என்பது மட்டும் தெரிகிறது. அந்த மனிதன் தன் கையாலே உண்மையை எழுதிவைத்துவிட்டுப் போக, நாங்கள் அதைத் துடைத்து, அசையாத சிலை ஒன்றைச் செய்து பூசை வைத்தோம். செத்துப்போன அந்தத் தாயையும் பிள்ளைகளையும் ஒருவரும் நினைக்கவில்லை. இந்த வருடம் பூசை கொடுத்தால் அந்த ஏழு பேருக்கும் சேர்த்துக் கொடு. நான் அவரைப் போல எதிலிருந்தும் விழப்போவதில்லை, அதை நினைத்துப் பயப்படாதே. எனக்கு அவ்வளவு கௌரவம் போதாது. இருந்து உன் ஏச்சை வாங்கத்தான் போகிறேன்.

கலியாணத்துக்கு முன் தகப்பன் நாலு புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. கேட்டுப்பார்க்காமல், விடமாட்டார்கள் என்று நீயாக முடிவு கட்டாதே. ஸ்டெல்லா எடுத்து 'வா' என்றால், கடையில் எத்தனை மேசை நிறைந்திருந்தாலும் முதலாளியிடம் போய் வாய் திறந்து கேள். அவன் மாட்டேன் என்று சொன்னால் அது அவன் பிழை, அப்போது என்ன செய்வது என்று நீ யோசிக்கலாம். கேட்காமல் நின்றால் அது உன் பிழை. பிந்தி வீட்டுக்குப் போனால், பிந்தியதற்கு உண்மையான காரணம் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் அதையே அவளிடம் சொல்லு. அவள் ஏசுவாள், இரண்டு நாள் முகம் நீட்டுவாள், மூன்றாம் நாள் கறி வைப்பாள்.

நான் பொய்யைச் சொன்னது மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால். அதனால் இந்தக் கடிதத்தைப் பங்குச் சஞ்சிகைக்கும் கொடுக்கப்போகிறேன். உன் கலியாணம் முடிந்த பிறகு, நீ சம்மதித்தால், அடுத்த இதழில் போடுவார்கள். சிஞ்ஞோராவின் பெயரை நாங்கள்தான் கெடுத்தோம், நாங்கள்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஸ்கொட்லாந்துக் காகிதங்கள் பதினொன்றும் இதோடு இருக்கின்றன. ஓரத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன், இந்த முறை ஒன்றும் விடாமல்.

சனிக்கிழமை காலை, கோயிலுக்கு வெளிக்கிடமுன், நம் வழக்கப்படி நீ என் முன்னால் முழந்தாளில் இருக்கவேண்டும், நான் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கவேண்டும். எனக்குப் பக்கத்துக் கதிரையில் அம்மாவின் படத்தை வைப்பதாக ஸ்டெல்லாவின் தாய் சொல்லியிருக்கிறா. வீடியோக்காரனும் நிற்பான், சொந்தக்காரர் எல்லாரும் சுற்றி நிற்பார்கள். யார் கை உன் நெற்றியில் படுகிறது என்று தெரிந்துதான் நீ முழந்தாளில் இருக்கவேண்டும், அதற்காகத்தான் இன்றைக்கே எழுதினேன். உன்னால் முடியாவிட்டால் அம்மாவின் படத்துக்கு முன்னால் மட்டும் இருந்துவிட்டு எழுந்து போ. நான் பக்கத்தில் நிற்பேன். ஏன் என்று சனம் கேட்டால் நீ வாய் திறக்கவேண்டாம். நான் சொல்லுவேன்.

அப்பா